மாமாவின் ஹெட்ஃபோன்

மேட்டுப்பாளையத்தில் இருக்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "அடேயப்பா, ஊட்டிக்கு ரயில் புறப்படுமே, அந்த ஊரா! குளுகுளுவென்று இருக்குமே!" என்று பொறாமைப்படுகிறார்கள். அந்தப் பொறாமைக்கு நான் தகுதியுடையவன் அல்ல. எங்கள் மேட்டுப்பாளையம் புதுச்சேரியைச் சேர்ந்தது. இங்கே மலையும் கிடையாது, மலை ரயிலும் கிடையாது. தொழிற்பேட்டை இருக்கிறது. பகலும் இரவும் லாரிகள் போகின்றன. குளுமைக்குப் பதில் புழுதி. வீட்டுக்குப் பின்னால் ஏழெட்டு சென்ட் செம்மண் தரை, அதில் ஓர் எலுமிச்சை மரம், இரண்டு முருங்கை, ஒரு தென்னங்கன்று. நான் சொல்லப்போகும் விஷயம் நடந்தது அந்தத் தரையில்தான்.

என் அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பது வழக்கம். அக்கா காலமான பிறகு அவர் என்னோடுதான் இருக்கிறார். புதுச்சேரிப் பஞ்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் தறி ஓட்டியவர். அந்த ஆலையின் சங்கு இப்போது ஊதுவதில்லை. ஆனால் அதன் தறிகள் மாமாவின் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எட்டு மணி நேரம் வேலை செய்கிற இடத்தில் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போனாலே காதுக்குக் கெடுதல் என்று இன்று சொல்லுகிறார்கள். நாடாத் தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் 95, 100 என்பதெல்லாம் சர்வ சாதாரணம். அந்தச் சத்தம் காதை ஒரேயடியாகச் செவிடாக்குவதில்லை. முதலில் மேல் ஸ்தாயியைத் தின்கிறது. கட்டைக் குரலைக் கடைசி வரை விட்டுவைக்கிறது. லாரியின் உறுமல் மாமாவுக்குக் கேட்கும். குயில் கூவுவது கேட்காது. என் குரல் பாதி கேட்கும். அக்காவின் மெல்லிய குரல் அவருக்குக் கேட்காமல் போய்ப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

தறிக்கூடத்துக்காரர்கள் அனைவருக்கும் ஒரு வித்தை கைவந்திருக்கும்: உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் லங்காஷையர் நெசவுப் பெண்கள் சத்தமே இல்லாமல் வாயசைத்துக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஊர்வம்பு பேசுவார்களாம். மாமாவுக்கும் அந்த வித்தை உண்டு. ஆனால் எனக்கு அடர்த்தியான மீசை. மேலுதட்டை அது முழுக்க மூடிவிடும். நான் சொல்வது பாதி அவருக்குக் கேட்காமலும் மறு பாதி தெரியாமலும் போகும். அவர் "ஊம்" என்பார். அந்த "ஊம்" எனக்கு எரிச்சல் மூட்டும்.

போன தை மாதம் தென்னங்கன்றை நட்டார். நட்ட இரண்டு நாளில் ஆள் ஒரு மாதிரியாகிவிட்டார். சாப்பாடு குறைந்தது. விடிந்ததும் தோட்டத்தில் குந்திக்கொண்டு மண்ணை விரலால் கிளறுவார். என்னவென்று கேட்டால் "ஊம்." மூன்று வாரம் கழித்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அக்கா போன அன்று கழற்றிக் கொடுத்த இரண்டு வெள்ளி மெட்டிகளையும் அவர் துண்டின் முனையில் முடிந்து வைத்திருந்தார். அது யாருக்கும் தெரியாது. கன்று நட்ட அன்று முடிச்சு அவிழ்ந்திருந்தது. துண்டு இருந்தது, மெட்டிகள் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் பாலிடெக்னிக் படித்துவிட்டுத் தொழிற்பேட்டையில் மின்னணுப் பழுது பார்க்கிறவன். அவனிடம் மெட்டல் டிடெக்டர் ஒன்று இருந்தது. நீண்ட கம்பின் அடியில் ஒரு வட்டத் தட்டு, மேலே ஒரு சிறு பெட்டி. தட்டுக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பி ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. கீழே உலோகம் இருந்தால் அதில் ஒரு சிறு மின்னோட்டம் சுழல்கிறது. அந்தச் சுழலின் எதிரொலியைத் தட்டு பிடித்துச் சத்தமாக மாற்றுகிறது. மூடிய வளையமாக ஒரு மோதிரம் கிடந்தால் அது நன்றாகவே கத்திக் கொடுத்துவிடுமாம். மெட்டியின் வாய் திறந்திருப்பதால், வெள்ளியே ஆனாலும், குரல் கொஞ்சம் கம்மி.

பையன் ஒரு நாள் மாலை தேடிப் பார்த்தான். நாலு ஆணி, ஒரு சோடா மூடி, கட்டிட வேலைக் கம்பித் துண்டு, இவைதாம் கிடைத்தன. பெட்டியில் இருக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் லாரிச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று. மாமா பார்த்துக்கொண்டே இருந்தவர், "நான் தேடுகிறேன். நான் உட்கார்ந்த இடம் எனக்குத்தான் தெரியும்" என்றார்.

காது கேளாதவர் காதால் தேடுவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பையன் சிரிக்கவில்லை. "ஹெட்ஃபோன் போட்டால் கேட்கும் தாத்தா. மிஷினில் சத்தத்தைக் கட்டையாக இறக்கி வைக்கலாம்" என்றான்.

மாமா உள்ளே போய்த் தமது பெட்டியிலிருந்து ஒரு ஹெட்ஃபோனை எடுத்து வந்தார். நாற்பது வருஷத்துச் சரக்கு. இரண்டு காதுக்கும் இரண்டு கிண்ணம். உள்ளே பஞ்சு உதிர்ந்து தூளாகிவிட்டது. இரவு ஷிப்டு முடிந்து வந்து, அக்காவின் தூக்கம் கெடக்கூடாது என்று, இதை மாட்டிக்கொண்டு இலங்கை வானொலி கேட்பாராம். அந்த நாளில் வயர் பின்னோடு சேரும் இடத்தில் பிய்ந்து போனபோது அக்கா அதன்மேல் தறி நூலை நெருக்கமாகச் சுற்றி முடிந்து வைத்திருக்கிறாள். நூல் பழுப்பேறியிருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது.

வயரோடு மாட்டித் தேடிப் பார்த்தோம். எலுமிச்சை முள்ளில் மாட்டிக்கொண்டது. குனிந்தால் காலில் சுற்றியது. ஒரு தடவை மாமா வயர் தடுக்கி விழவே தெரிந்தார். எழுபத்தாறு வயசு ஆசாமிக்கு இடுப்பு எலும்பு போனால் மெட்டி கிடைத்து என்ன பிரயோஜனம்? "வயரில்லாமல் பண்ணிவிடலாம்" என்றான் பையன்.

"வயரை வெட்டாதே" என்றார் மாமா. அவர் காதில் இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ முதல் தடவையே விழுந்துவிட்டது.

பையன் வெட்டவில்லை. கிண்ணங்களைத் திறந்து, பற்றாசை உருக்கி, வயரைப் பக்குவமாகக் கழற்றிச் சுருட்டி மாமா கையில் கொடுத்தான். மீட்டர் வைத்து இரண்டு காதும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்தான், இருந்தன. வலது கிண்ணத்துக்குள் கட்டை விரல் நகத்தளவு புளூடூத் பலகை ஒன்றைப் பொருத்தினான். இடது கிண்ணத்துக்குள் ஒரு சின்ன லித்தியம் பாட்டரியும், அதை ஏற்றுவதற்கான துவாரமும். இரண்டையும் இணைத்து மெல்லிய கம்பி ஒன்று தலைப்பட்டைக்குள்ளே ஓடியது. கருவியிலிருந்து வருவது ஒரே சத்தம். ஹெட்ஃபோனோ இரண்டு காதுக்கும் தனித்தனிச் சத்தம் கேட்பது. அப்படியே விட்டால் ஒரு காதில் மட்டும் கேட்கும். ஆகவே வந்த சத்தத்தை இரண்டு காதுக்கும் பகிர்ந்துவிட்டான். சத்தம் ஓர் அளவுக்குமேல் ஏறாமல் தடை ஒன்றும் வைத்தான். கெட்ட காதுதானே என்று அலற விட்டால் மிச்சமும் போய்விடும் என்றான். கருவியின் துவாரத்தில் சத்தத்தை அனுப்பும் சிறு பெட்டியைச் செருகி, தட்டுக்குப் பக்கத்தில் இல்லாமல் மேலே கைப்பிடி அருகே கட்டினான். கீழே கட்டினால் அதன் ரேடியோ அலையே கருவியைக் குழப்பிவிடுமாம்.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சமாசாரம் ஞாபகம் வந்தது. உலோகம் தேடும் கருவிக்கும் காதுக் கருவிக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் இரண்டு கம்பிச் சுருள்களையும் தமது டெலிபோன் செவிக் குழலையும் சேர்த்து ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். குண்டின்மேல் சுருள் போனால் குழலில் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது, ஆனால் எங்கே வைத்தாலும் கேட்டது! படுக்கைக்கு அடியில் இருந்த எஃகுச் சுருள்கள் அவரை ஏமாற்றிவிட்டன. அதோடு, தலைமை டாக்டர் குண்டு வலப்பக்கம் இருப்பதாக முடிவு செய்து அந்தப் பக்கத்தை மட்டுமே தேடவிட்டார். ஜனாதிபதி செப்டம்பர் 19ஆம் தேதி இறந்தார். குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. கருவி மட்டும் நல்லதாக இருந்தால் போதாது, தேடுகிறவன் ஒரே பக்கத்தில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சோகமான உதாரணம் கிடையாது. அப்போது இந்தக் கதையை ஒரு கதையாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேடல் ஆரம்பித்தது. காதில் கிண்ணங்களோடும் கையில் கம்போடும் மாமா நடப்பதைப் பார்க்க மதில்மேல் ஏழெட்டுத் தலைகள் தோன்றின. "புதையலா சார்?" என்று கேட்டார்கள். நம் ஜனங்களுக்கு மண்ணுக்குள் எப்போதும் புதையல்தான். புதையல் அகப்பட்டால் எடுத்தவன் மடியில் கட்டிக்கொள்ள முடியாது என்பதை யாரும் நினைப்பதில்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தின்படி, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஒரு பையன், "இதை எடுத்துக்கொண்டு அரிக்கமேட்டுக்குப் போனால் ரோமாபுரிக் காசு கிடைக்குமே!" என்றான். அரிக்கமேடு பாதுகாக்கப்பட்ட இடம். அங்கே தோண்டக் கூடாது. 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் காசைத் தேடி ஓடவில்லை. மண் அடுக்குகளைப் படித்தார். அந்த அடுக்கில் கிடந்த இத்தாலிப் பானை ஓடுகளைக் கொண்டுதான் காலத்தைக் கணக்கிட்டார். இந்தக் கருவியோ அடுக்கைப் படிக்காமல் உலோகத்தை மட்டும் பிடுங்கிக்கொள்ளும்; புத்தகத்தைக் கிழித்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்வது மாதிரி. எங்கள் தோட்டத்தில் படிக்க ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன் விழுந்த மெட்டி மட்டும்தான்.

செம்மண்ணில் இரும்புச் சத்து உண்டு. ஆகவே முதலில் தட்டைத் தூக்கித் தூக்கி இறக்கி, மண்ணின் குரல் இன்னது என்று கருவிக்குப் பழக்கினான் பையன். மெல்லிய ரீங்காரம் ஒன்று விடாமல் கேட்கும்படியும் வைத்தான். சங்கீதக் கச்சேரியில் தம்புரா மாதிரி. உலோகம் வரும்போது அந்தச் சுருதி அசையும். ரீங்காரம் இல்லாமல் வைத்தால் புளூடூத் பெட்டி சத்தம் இல்லையென்று கண்ணயர்ந்துவிடுகிறதாம். விழித்துக்கொள்வதற்குள் மெட்டியின் சின்னக் குரல் பாதி போய்விடும்.

மாமா கம்பை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு போனார். சட்டென்று நின்றார். முகம் மலர்ந்தது. "இங்கே!" என்று காலால் காட்டினார். களைக்கொத்தியோடு நான் உட்கார்ந்து தோண்டினேன். ஒன்றும் இல்லை. தோண்டிய மண்ணையும் சலித்துப் பார்த்தேன். இல்லை. மறுபடி வீசினார். "இங்கே!" தோண்டினேன். இல்லை. மூன்றாவது குழியும் வெறுங்குழி. வெயில் ஏறிவிட்டது. மதில்மேல் சிரிப்பு கேட்டது. நான் பையன் பக்கம் திரும்பி, "கேட்காததையெல்லாம் கேட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவரை நம்பி நான் கிணறு தோண்ட வேண்டியதுதான்" என்றேன்.

ஹெட்ஃபோன் போட்டிருக்கிறாரே, கேட்காது என்ற தைரியம். ஆனால் பையனிடம் பேசத் திரும்பியபோது என் முகம் மாமாவுக்கு நேராக இருந்ததை நான் கவனிக்கவில்லை. மீசையையும் மீறி அவர் படித்துவிட்டார். கம்பைத் தரையில் வைத்துவிட்டு எலுமிச்சை நிழலில் போய் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேள் கொட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு துடித்திருக்க மாட்டேன்.

பத்து நிமிஷம் இருக்கும். அவர் கை முழங்காலின்மேல் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வந்தார். கம்பை எடுத்தார். இடமிருந்து வலமாக ஒரே சீராக வீசி, சத்தம் கேட்ட இடத்தில் ஒரு குச்சியை நட்டார். அதே வேகத்தில் வலமிருந்து இடமாக வீசி, கேட்ட இடத்தில் இன்னொரு குச்சி. இரண்டுக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. அதன் மத்தியில் கட்டை விரலை ஊன்றி, "இங்கே தோண்டு தம்பி" என்றார்.

நாலு விரற்கடை ஆழத்தில் ஒரு மெட்டி கிடந்தது. கறுத்துப் போயிருந்தது. ஆனால் அக்காவின் மெட்டிதான்.

"எப்படி மாமா?" என்று கேட்டேன். அவர் நெசவுக்காரராகப் பதில் சொன்னார். நாடா இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போய்த் திரும்பும். அடிக்கிற வேளையும் நாடா போய்ச் சேருகிற வேளையும் ஒன்றல்ல. சத்தம் காதில் விழும்போது நாடா அதற்குமுன் எங்கோ போயிருக்கும். புதிதாகச் சேர்ந்தவன் சத்தத்தை நம்பிக் கையை நீட்டி அடிபடுவான். "இந்த மிஷினும் அப்படித்தான். சொல்வது நிஜம், ஆனால் தாமதமாகச் சொல்கிறது. இந்தப் பக்கம் போகும்போது எவ்வளவு தப்புகிறதோ, அந்தப் பக்கம் போகும்போதும் அவ்வளவே தப்பும். நடுவில் இருக்கிறது உண்மை."

பையன் தலையில் அடித்துக்கொண்டான். சாதாரணப் புளூடூத்தில் சத்தத்தைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்பி, மறு பக்கம் பிரித்து, கோத்துக் கொடுக்கிறார்கள். இதற்கு ஏறக்குறைய 200 மில்லி விநாடி, அதாவது விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. பாட்டுக் கேட்கிறவனுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தட்டு வீசுகிறவன், சத்தம் கேட்பதற்குள் 20 சென்டிமீட்டர் தாண்டிவிடுகிறான். மாமா காட்டிய இடம் ஒவ்வொன்றும் சரியாகவே தப்பாக இருந்தது! குற்றம் காதின் பேரிலும் இல்லை, காதுக்கு உரியவர் பேரிலும் இல்லை. குறைந்த தாமதத்துக்கென்றே தனி வகைப் பலகைகள் உண்டு. அனுப்பும் பக்கம், வாங்கும் பக்கம் இரண்டும் அதே வகையாக இருந்தால் தாமதம் 40 மில்லி விநாடியளவுக்கு இறங்கிவிடும். அடுத்த வாரமே பையன் இரண்டையும் மாற்றினான். இப்போது தப்பினாலும் நாலு சென்டிமீட்டர்தான், ஒரு குழிக்குள் அடங்கிவிடும். என்றாலும் மாமா இரண்டு பக்கமும் வீசிப் பார்க்காமல் தோண்டச் சொல்வதில்லை.

இரண்டாவது மெட்டி அகப்படவில்லை. தென்னங்கன்றின் வேருக்கு அடியில் இருக்கலாம் என்று கருவி சந்தேகமாகச் சொல்கிறது. கன்றைப் பிடுங்க வேண்டாம் என்று மாமா சொல்லிவிட்டார்.

அன்று இரவு திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கிடைத்த மெட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே அவர் பேசினார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அக்கா அவரிடம் ஏதோ சொன்னாளாம். மூக்கும் வாயும் மூடி ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். உதடு தெரியவில்லை. குரலும் கேட்கவில்லை. அவர் "ஊம்" என்றார். அவள் சமாதானமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். "எதற்கு ஊம் போட்டேன் என்று தெரியவில்லை, தம்பி. திரும்பிப் போய் அந்தப் பக்கத்திலிருந்து கேட்க முடியாதே" என்றார்.

நான் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் ஒன்று மட்டும் அப்போது புரிந்தது. இத்தனை நாளும் நான் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது அவரிடம் போய்ச் சேருவதற்குள் அடுத்த இடத்துக்குப் போய்விடுவேன். பிறகு திரும்பிப் பார்த்து, இவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தீர்ப்பு எழுதுவேன். வேலையில்லாத வெறுங்குழிகள் எத்தனையோ அப்படித் தோண்டியிருக்கிறேன். அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது. கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. நான் அங்கேயே நின்றிருந்தால் போதும், பதில் வரும்.

நூல் சுற்றிய வயரைச் சுருட்டி, மெட்டியோடு ஒரு பழைய டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். டாக்டரிடம் போய்க் காதைச் சோதித்துக்கொள்வதற்கு இதுவரை சம்மதிக்காதவர், "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிற மட்டுக்கும் இறங்கி வந்திருக்கிறார்.

நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். முப்பது வருஷமாக வளர்த்த மீசையைத் திங்கட்கிழமை காலை எடுத்துவிட்டேன். தெருவில் எல்லோரும் ஏன் என்று கேட்டார்கள். மாமா கேட்கவில்லை. என் மேலுதட்டை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்போது நீ பேசுவது கேட்கிறது" என்றார்.